தொழில் மாறுவோர் – 9: கடை வேலைக்குப் பிறகு

பத்துப் பதினைந்து ஆண்டுகள் துணிக்கடையிலோ பாத்திரக்கடையிலோ வேலை பார்த்தவர் வேறு பிழைப்பு தேடும்போது, தன் அனுபவத்துக்குச் சாட்சியாகக் காட்ட அவரிடம் பெரும்பாலும் ஒரு காகிதம்கூட இருப்பதில்லை. கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையிலிருந்து திருவண்ணாமலை நகரத்துக் கடைகளுக்குப் போய்வருகிறவர்களுக்கும் இதே நிலைதான். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கடையில் சேர்ந்தவருக்கு முப்பத்தைந்து வயதில், 'வேறு என்ன தெரியும்?' என்ற கேள்வி எழுகிறது. கடையின் எந்தப் பகுதியில் அந்த ஆண்டுகள் கழிந்தன என்று பார்த்தால் அதற்கு விடை கிடைக்கத் தொடங்கும்.

அந்தக் கேள்வியை எழுப்புவது பல நேரம் கால்தான். நாள் முழுக்க நிற்பதால் குதிகால் வலி, இடுப்பு வலி, காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது எல்லாம் வருகின்றன. கேரளம் 2018-இல் கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து அதையே செய்தது. வேலையை விடாமலே கேட்டுப் பெறக்கூடிய உரிமை இது. கால் ஏற்கெனவே பழுதாகிவிட்டவர், அடுத்த வேலை நின்று செய்வதா உட்கார்ந்து செய்வதா என்பதைச் சம்பளத்துக்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

பில் போடும் இடத்தில் இருந்தவருக்கு வழி ஓரளவு நேரானது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு, கணக்கைக் கணினியில் வைக்க வேண்டிய நெருக்கடி சிறு வணிகர்களுக்கும் வந்துவிட்டது. டேலி கற்றுக்கொண்டால் ஆடிட்டர் அலுவலகத்திலும் மொத்த வியாபாரிகளிடமும் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்க வாய்ப்புண்டு. குடோனில் சரக்கு இருப்பு பார்த்தவருக்குத் தொழிற்சாலைக் கிடங்கு வேலை புதிதல்ல. மிகச் சிக்கலான நிலை, வாடிக்கையாளர் முன்னால் நின்று விற்றவருடையது. வந்தவரின் கையிருப்பை முகத்தில் படிப்பதும், கோபமாக வந்தவரைச் சமாதானமாக அனுப்புவதும் அரிய திறமைகள். அவற்றைத் தேர்வு வைத்து அளப்பது கடினம். மருத்துவமனை வரவேற்பு, விடுதி நிர்வாகம், காப்பீட்டு முகவர் பணி ஆகியவற்றில் அவை நேராகப் பயன்படும். முகவருக்கு மாதச் சம்பளம் இல்லை, கமிஷன்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், வேலையிலேயே கற்றதைச் சோதித்துச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற ஏற்பாடும் உண்டு. கையில் காகிதம் இல்லாதவருக்கு அது ஒரு தொடக்கம்.

அடியோடு வேறு கைத்தொழில் கற்க நினைப்பவருக்கு வயது பெரிய தடையல்ல. தமிழக அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. குடும்பத்தைத் தாங்குகிறவரால் ஓராண்டு, ஈராண்டு வருமானமின்றிப் படிக்க முடியாது என்பதுதான் உண்மையான தடை. அவர்களுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களின் சில வாரப் பயிற்சிகளே பொருந்தும். தையல், ஆரி வேலை, அழகுக்கலை போன்றவற்றை அங்கே கட்டணமின்றிக் கற்கலாம்.

சொந்தக் கடை என்பது பலரின் ஆசை. வசந்த் அண்டு கோ நிறுவனர் எச்.வசந்தகுமார், விஜிபி நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து, 1978-இல் தனியே தொடங்கியவர். தவணைக்குப் பொருள் விற்கும் வியாபாரத்தைப் பிறர் கடையிலேயே பழகிவிட்டுத்தான் அவர் வெளியே வந்தார். அடி அண்ணாமலைக்காரருக்கு முதலில் தோன்றுவது, கிரிவலப் பாதையில் ஒரு கடை. ஆண்டில் பௌர்ணமி பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று. கூட்டம் அந்த இரவுகளில்தான் திரளும். வெளிநாட்டவர் வருகையோ குளிர்கால மாதங்களில் அதிகம். மாதச் சம்பளத்துக்குப் பழகிய குடும்பம் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது கடினம். ஆகவே உள்ளூர்க்காரர் தினமும் வாங்கும் பொருளையோ சேவையையோ அடிப்படையாக வைத்து, பௌர்ணமி வியாபாரத்தை மேல்வரும்படியாகக் கொள்வதே பாதுகாப்பு.

முதலுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். 2008 முதல் நடைபெறும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், ஊரகப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடும் பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம். நகர்ப்பகுதியில் இரண்டுமே பத்து விழுக்காடு குறைவு. திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆகியிருப்பதால், தொழில் தொடங்கும் இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

வேலையை விடும் நாளைத் தீர்மானிப்பதிலும் கணக்கு உண்டு. பத்துப் பேருக்குக் குறையாத கடையில் ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்குப் பணிக்கொடை உரிமை: ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுத்து. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் வாங்கியவருக்கு ஆண்டுக்கு 7,500. பன்னிரண்டு ஆண்டுக்கு 90,000 ரூபாய். நான்கரை ஆண்டில் அவசரப்பட்டு விலகுவது பெரும் இழப்பாகலாம். வருங்கால வைப்புநிதியை எடுத்துச் செலவழிக்காமல் புதிய வேலைக்கு மாற்றிக்கொண்டால், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுச் சேவைக் கணக்கும் அறுபடாது. பணிக்கொடையைக் கடை உரிமையாளர் 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் முறையிடலாம்.