வீடுகளைப் பெருக்கினால் மட்டும் போதுமா?

எளியோருக்கான வீட்டுவசதி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ஒரு விடை ஆயத்தமாக முன்வைக்கப்படுகிறது: வீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்குங்கள், விலையும் வாடகையும் தாமே குறையும். கட்டட விதிகளைத் தளர்த்துவதும் கட்டுமான நிறுவனங்களுக்குச் சலுகை அளிப்பதும் இவ்வாதத்திலிருந்து பிறக்கும் கோரிக்கைகள். பற்றாக்குறை உண்மையானது என்பதால் இதனை முற்றாகத் தள்ளிவிட இயலாது. ஆனால் வீடு யாருக்கு, எங்கே என்ற கேள்விகளுக்கு இதில் விடையில்லை.

ஒன்றிய அரசின் தொழில்நுட்பக் குழு 2012இல் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை ஏறத்தாழ 1.88 கோடி எனக் கணக்கிட்டது. அதில் சுமார் 95 விழுக்காடு பொருளாதாரத்தில் நலிந்தோரும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும் எதிர்கொள்ளும் பற்றாக்குறை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியோ, நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. வசதி படைத்தோருக்காகக் கட்டப்படும் வீடு எளியோரின் தேவையைத் தானாகத் தீர்த்துவிடாது என்பதற்கு இவ்விரு எண்களே சான்று.

அரசே கட்டினால் தீருமா? 1970இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், தொடக்கத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. பின்னர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனச் சென்னையின் விளிம்புக்கு மக்கள் அனுப்பப்பட்டனர். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. எண்ணிக்கை கூடியது, வேலையும் பள்ளியும் தொலைவாகின. அங்கு அனுப்பப்பட்டோரில் பெரும் பகுதியினர் தலித்துகள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை நகரம் அடுக்குமாடிகளால் மீண்டும் வரைந்துகொண்டது. குடியிருப்பைப் பறிப்பது வாழ்வாதாரத்தைப் பறிப்பதே என ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இலேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதே தீர்ப்பு வெளியேற்றத்தைத் தடுத்து நிறுத்தவில்லை.

பணம் இருந்தாலும் கதவு திறப்பதில்லை என்பது மூன்றாவது சிக்கல். தில்லி வட்டாரத்தின் வாடகைச் சந்தை குறித்துச் சுகதேவ் தோரட் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளுக்கும் இசுலாமியருக்கும் வீடு மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது. நம் ஊர்களில் வீட்டு உரிமையாளர் சாதிப் பெயரை உச்சரிப்பதில்லை, "நீங்கள் சைவமா?" என்று கேட்டால் போதும்.

சட்டத்தில் இதற்கு இடமுண்டு. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதற்கோ பெறுவதற்கோ அதில் குடியிருப்பதற்கோ தீண்டாமையின் பேரில் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையின் பேரிலேயே நிகழ்ந்தது என நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அதை மறுத்து மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது. களப்பணியாளர்கள் இவ்விரு பிரிவுகளையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஆயினும் ஒவ்வொரு மறுப்புக்கும் குற்ற வழக்கு நடத்துவது வாடகைக்கு அலையும் ஒருவரால் ஆகக்கூடியதன்று. எனவே வாடகைப் பாகுபாட்டுக்கு விரைவான இழப்பீடு வழங்கும் தனிச்சட்டம் தேவை.

கூடுதல் வீடுகள் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அவை மக்கள் வாழும் இடத்திலேயே எழ வேண்டும். அரசின் வாடகை வீடுகளும் பெருக வேண்டும். ஒதுக்கீடுகளின் சாதிவாரி விவரம் வெளியிடப்பட வேண்டும். இவை இல்லாத வீட்டுவசதித் திட்டம், சேரியை இடம் மாற்றும் திட்டமாகவே முடியும்.