ஊறாத கடலை, நிறையாத பேட்டரி

கொண்டைக்கடலையை ஊறப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேலே உப்பியிருக்கும், கடித்தால் நடுவில் கல். காட்டில் கூடாரம் அடிப்பவர்கள் விளக்குக்கும் சின்ன ஃப்ரிட்ஜுக்கும் கொண்டுபோகும் 12 வோல்ட் டீப் சைக்கிள் லெட்-ஆசிட் பேட்டரியும் இந்த ரகம்தான். (வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியும் டீப் சைக்கிள்தான்.) உள்ளே தடித்த காரீயத் தகடுகள். அவற்றின் மேற்பரப்பு சீக்கிரம் சார்ஜ் ஆகிவிடும். நுண்துளைகளின் ஆழம் வரை வேதிவினை போய்ச் சேர நேரம் பிடிக்கும்.

முதலில் சார்ஜர் தரும் ஆம்பியரை எல்லாம் பேட்டரி வாங்கிக்கொள்ளும். வோல்டேஜ் 14.4-ஐத் தொடும்போது ஏறத்தாழ 80 சதவீதம் நிறைந்திருக்கும். மிச்சம்தான் ஊறும் கட்டம். வோல்டேஜ் அங்கேயே நிற்க, கரண்ட் மெல்ல மெல்ல இறங்கும். இதற்குச் சில மணி நேரமாகும். அவசரப்பட்டு வோல்டேஜை ஏற்றினால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்துபோவதுதான் மிச்சம். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கரண்ட் ஓரிரு ஆம்பியருக்கு வந்துவிட்டால் நடுவரை ஊறிவிட்டது என்று பொருள். அதன்பின் 13.5 வோல்ட் வாக்கில் வைத்திருந்தால் போதும்.

ஆகவே காலையில் ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, ஊறும் வேலையைப் பகல் முழுக்க சோலார் பேனலிடம் விடுவதே புத்திசாலித்தனம். பாதி சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் படியும் காரீய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். கொள்ளளவு குறைந்துகொண்டே போகும்.

நிறைந்ததா என்று பார்ப்பதிலும் அதே ஏமாற்று உண்டு. சார்ஜரைக் கழற்றிய கையோடு மீட்டர் 13-க்கு மேல் காட்டும். அது உப்பிய தோல். எதையும் ஓட்டாமல் சில மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும்: 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும்.

ஆனால் ஃப்ரிட்ஜ் ஓடும் முகாமில் பேட்டரிக்கு ஏது ஓய்வு? அதனால் நெகட்டிவ் கேபிளில் ஷன்ட் மாட்டுகிறார்கள். மிகச் சிறிய மின்தடைதான் அது. அதில் விழும் மில்லிவோல்ட்டை அளந்து, உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியர்-அவரை மானிட்டர் கணக்கு வைக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஏதாவது ஒயரை ஷன்ட் வழியாக விடாமல் நேராக இழுத்தால் கணக்கு தப்பும். கணக்கு நாளடைவில் விலகவும் செய்யும். அவ்வப்போது முழுசாக சார்ஜ் செய்தால் மானிட்டர் நூறு சதவீதத்துக்குத் திரும்பும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த நீண்ட ஊறல் தேவையில்லை. ஆனால் அதன் வோல்டேஜ் பெரும்பாலான நேரம் 13.2 அருகிலேயே அதிகம் அசையாமல் நிற்பதால், அங்கே ஷன்ட் இல்லாமல் வோல்டேஜை மட்டும் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்வது கடினம்.