சாவைக் குழந்தையிடம் மறைக்காதீர்கள்

தீராத வயிற்றுவலி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்ற அழுகை, ஏழு வயதில் மறுபடியும் படுக்கையை நனைப்பது. இப்படி வரும் குழந்தைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மந்திரித்துத் தாயத்துக் கட்டியாயிற்று. ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் கோளாறு இல்லை. "வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?" என்று கேட்டால், "ஆமா டாக்டர், இவ அப்பா போய் எட்டு மாசம் ஆச்சு. ஆனா இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார்கள். அவளுக்குத் தெரியும். அவளிடம் யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

'அப்பா தூங்குறார்'

போனவர் திரும்ப வரமாட்டார் என்பது ஐந்து வயதுக்குக் கீழே பெரும்பாலும் புரியாது. ஒன்பது, பத்து வயதில்தான் முழுதாகப் பிடிபடும். அதுவரை நாம் சொல்வதைக் குழந்தை அப்படியே நம்பும். 'அப்பா தூங்குறார்' என்று கேட்டு வளர்ந்த ஒரு சிறுமி, இரவில் கண்ணை மூடவே பயந்தாள். அம்மா அசந்ததும் எழுந்து உட்கார்ந்து, அவர் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். 'வெளியூர் போயிருக்கார்' என்றால், என்னிடம் சொல்லாமல் போனாரே என்ற கோபம். 'நல்லவங்கள சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்' என்றால், நல்ல பிள்ளையாக இருக்கவே பயம்.

நேராகச் சொல்லுங்கள்: "அப்பா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனி அவருக்கு வலிக்காது, பசிக்காது. திரும்பி வரமாட்டார்." நூறு முறை கேட்டாலும் இதையே சொல்லுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் பிள்ளைகள் முன்னாலேயே அழுங்கள்.

'விளையாடுறானே, மறந்துட்டான்'

மறக்கவில்லை. குழந்தையால் துக்கத்தை நாள் முழுக்கச் சுமக்க முடியாது. கொஞ்சம் அழும், ஓடிப்போய்ப் பந்து விளையாடும், ராத்திரி திரும்ப அழும். இன்னொன்றையும் உள்ளே வைத்துப் புழுங்கும்: 'நான் அடம்பிடிச்சதாலதான் அம்மா செத்தாங்களா?' கேட்காவிட்டாலும், "இது உன்னால நடக்கல" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கொள்ளி வைத்த பத்து வயதுப் பையனின் தோளைத் தட்டி, "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை, அழக்கூடாது" என்கிறார்கள் உறவினர்கள். இதைவிடப் பெரிய கொடுமை எனக்குத் தெரியவில்லை.

சாவு வீட்டில் பிள்ளைகள்

'பயந்துடுவான்' என்று பக்கத்து வீட்டில் அடைத்துவிடுகிறார்கள். அங்கே பறைச் சத்தமும் ஒப்பாரியும் கேட்கும். என்ன நடக்கிறதென்று மட்டும் தெரியாது. அந்தப் பயம்தான் பெரிது. ஃப்ரீசர் பெட்டி, மாலை, கூட்டம் என்று பார்க்கப்போவதை முன்கூட்டியே சொல்லி, நம்பிக்கையான ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும். வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். தொட்டுக் கும்பிடச் சொல்லியும் இழுக்க வேண்டாம்.

அந்தச் சிரப்பைக் கீழே வையுங்கள்

தூங்கட்டும் என்று சளி மருந்தில் ஒரு மூடி, பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதி. யார் சொல்லிக் கொடுத்தது இதை? பிஞ்சு உடம்பில் மூச்சே திணறிப்போகலாம். துக்கத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் மருந்து கிடையாது.

எப்போது வர வேண்டும்?

நீடித்த துக்கத்தைத் தனி நோயாக 2022-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு சேர்த்தது. பெரியவர்களுக்கு ஓராண்டு, பிள்ளைகளுக்கு 6 மாதம் என்பது கணக்கு. அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. சாப்பாடு, தூக்கம், படிப்பு வாரக்கணக்கில் சரிந்தால் வாருங்கள். 'நானும் அப்பாகிட்ட போறேன்' என்று சொன்னால் அன்றே வாருங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்: காரியம் முடிந்த கையோடு போட்டோவையும் சட்டையையும் ஒளித்துவைக்காதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். இறந்தவரின் பேரைச் சொல்லியே வீட்டில் பேசுங்கள். பேச முடியவில்லையென்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.