வெப்பநிலையும் மலேரியாப் பரவலும்: கொசுவின் ஆயுளும் ஒட்டுண்ணியின் முதிர்வும்

ஆய்வுச் சுருக்கம்

வெப்பம் மிகுந்தால் கொசு பெருகும், கொசு பெருகினால் மலேரியா மிகும் என்பது பரவலான கருத்து. இக்கருத்து ஓர் எல்லைவரை மட்டுமே பொருந்துகிறது. வெப்பநிலை ஒட்டுண்ணியின் முதிர்வை விரைவுபடுத்துகிறது. அதே வெப்பநிலை ஓர் அளவைக் கடந்தால் கொசுவின் ஆயுளைக் குறைக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான போட்டியே நோய்ப்பரவலைத் தீர்மானிக்கிறது என்பதையும், ஆண்டுச் சராசரி வெப்பநிலையை மட்டும் கொண்டு பரவலைக் கணிப்பது ஏன் பிழையாகும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மலேரியா, அனோபிலஸ், பிளாஸ்மோடியம், வெப்பநிலை, நோய்க்கடத்தி, காலநிலை மாற்றம்.

முன்னுரை

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், நான்கு நாள்களுக்கு முன் மலேரியா நோயாளியின் குருதியைக் குடித்த ஒரு கொசுவை அறுத்து ஆராய்ந்தார். அதன் இரைப்பைச் சுவரில் கருநிற நுண்துகள்கள் கொண்ட உருண்டை வடிவ உயிரணுக்களைக் கண்டார். மறுநாள் அறுத்த கொசுவில் அவை மேலும் பெரிதாக வளர்ந்திருந்தன. கொசு மலேரியாவைக் கடத்துகிறது என்பதற்கான சான்றாக இக்கண்டுபிடிப்பு போற்றப்படுகிறது. அதில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. கொசுவினுள் சென்ற ஒட்டுண்ணி உடனே பிறருக்குப் பரவுவதில்லை. அது வளர நாள்கள் தேவை. அந்நாள்களின் எண்ணிக்கையை வரையறுப்பதில் வெப்பநிலைக்கு முதன்மையான பங்கு உண்டு.

கொசுவினுள் ஒட்டுண்ணியின் முதிர்வு

கொசு தன் உடல்வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் உயிரன்று. சுற்றுப்புறத்தின் வெப்பமே ஏறத்தாழ அதன் உடலின் வெப்பம். எனவே அதனுள் வாழும் ஒட்டுண்ணியும் அவ்வெப்பத்துக்கு உட்பட்டே வளர்கிறது. குருதியோடு கொசுவின் இரைப்பையை அடையும் பிளாஸ்மோடியம் அங்குக் கருவுற்று, இரைப்பைச் சுவரைத் துளைத்து, அதன் புறப்பகுதியில் பெருகி, இறுதியில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அதன் பின்னரே கொசுவின் கடி நோயைத் தரும்.

இம்முதிர்வுக் காலத்தைக் கணிக்கும் எளிய முறையொன்றை 1962-இல் உலக நலவாழ்வு அமைப்பு வெளியிட்ட தெத்தினோவாவின் நூல் பரவலாக்கியது. ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி 16° செல்சியஸுக்குக் கீழ் வளர்வதில்லை. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு பாகையும் நாள்தோறும் சேர்ந்து மொத்தம் 111 ஆகும்போது அது முதிர்வடைகிறது. வைவாக்ஸ் வகைக்குக் கீழெல்லை 14.5°, தேவைப்படும் மொத்தம் 105. இதன்படி ஃபால்சிபாரம் முதிர்வதற்கு 20° வெப்பநிலையில் ஏறத்தாழ 28 நாள்களும், 25°-இல் 12 நாள்களும், 30°-இல் 8 நாள்களும் ஆகும். குளிர்ந்த சூழலில் ஓரிரு பாகை உயர்வே முதிர்வுக் காலத்தைப் பெரிதும் குறைத்துவிடுகிறது என்பது இங்குக் கருதத்தக்கது. 18°-இல் 55 நாள்களுக்கு மேல் தேவைப்படுவது 20°-இல் பாதியாகிறது.

ஆயுளும் முதிர்வும்: ஒரு கணக்கு

முதிர்வுக் காலம் முடியும்வரை கொசு உயிரோடிருக்க வேண்டும் என்பதே மலேரியாப் பரவலின் அடிப்படை நிபந்தனை. கொசுக்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் ஆயுளே பரவலை வலுவாகத் தீர்மானிக்கிறது என்பதை ஜார்ஜ் மெக்டொனால்டு 1950-களில் கணித வழியில் நிறுவினார்.

விளக்கத்திற்காக, நூறு கொசுக்களில் நாள்தோறும் பத்து விழுக்காடு இறப்பதாகக் கொள்வோம். 20°-இல் முதிர்வுக் காலமான 28 நாள்களைக் கடந்து எஞ்சுபவை 5 கொசுக்களே. 25°-இல் 27 கொசுக்கள் எஞ்சும். இறப்பு வீதம் மாறாதிருந்தால் 30°-இல் 43 கொசுக்கள் எஞ்சும். ஆனால் கடும் வெப்பத்தில் இறப்பு மிகுந்து, நாளொன்றுக்கு இருபது விழுக்காடு இறப்பதாகக் கொண்டால், 30°-இல் எஞ்சுபவை 17 மட்டுமே. ஒட்டுண்ணி விரைந்து முதிர்ந்தும் பரவல் 25°-இல் இருந்ததைவிடக் குறைகிறது. இவ்வெண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. ஆயினும் அவை காட்டும் போக்கு உண்மையானது.

வெப்பத்தின் மேலெல்லை

கொசுவின் வாழ்வின் ஒவ்வொரு பருவமும் வெப்பத்துக்கு வேறுவேறு வகையில் வினைபுரிகிறது. ஆப்பிரிக்காவின் முதன்மை நோய்க்கடத்தியான அனோபிலஸ் காம்பியே கொசுவை ஆய்வகத்தில் வளர்த்த பாயோ, லிண்ட்சே ஆகியோர், 18°-க்குக் கீழும் 34°-க்கு மேலும் புழுக்கள் முதிர்கொசுக்களாக வெளிவருவதில்லை எனக் கண்டனர் (2003). வளர்ச்சி வேகம் உச்சமடையும் வெப்பநிலையும், மிகுதியான கொசுக்கள் பிழைத்து வெளிவரும் வெப்பநிலையும் ஒன்றல்ல. பின்னது 22° முதல் 26° வரையிலான மிதமான எல்லையிலேயே அமைந்தது.

முட்டையிடும் அளவு, கடிக்கும் இடைவெளி, ஆயுள், ஒட்டுண்ணியின் முதிர்வு ஆகிய அனைத்தையும் இணைத்துக் கணித்த மோர்டெக்காய் முதலானோரின் ஆய்வு (2013), பரவலுக்கு மிக உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 25° என்றும், 28°-க்கு மேல் பரவல் விரைந்து சரிகிறது என்றும் காட்டியது. முந்தைய மாதிரிகள் உகந்த வெப்பநிலையை 30°-க்கு மேல் வைத்திருந்தன. வெப்பத்தோடு பரவல் நேர்கோட்டில் ஏறுவதில்லை. குன்றுபோல் ஏறி இறங்குகிறது.

சராசரி வெப்பநிலையின் போதாமை

கொசு சராசரி வெப்பநிலையில் வாழ்வதில்லை. பகலின் உச்ச வெப்பத்தையும் விடியலின் குளிரையும் அது நாள்தோறும் கடக்கிறது. பைமன்ஸ் முதலானோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரி 21°-க்குக் குறைவாக உள்ள இடங்களில் பகல்-இரவு ஏற்றத்தாழ்வு ஒட்டுண்ணியின் முதிர்வை விரைவுபடுத்துகிறது. 21°-க்கு மேற்பட்ட இடங்களில் அதனைத் தாமதப்படுத்துகிறது. இதன் காரணம் தெளிவானது. குளிர்ந்த இடத்தில் பகல்வெப்பம் கீழெல்லையைத் தாண்டி வளர்ச்சிக்கு இடம் தருகிறது. வெப்பமான இடத்தில் அதே உச்சம் உகந்த அளவைக் கடந்து தீங்காகிறது. எனவே ஒரே சராசரி கொண்ட இரண்டு ஊர்களில் பரவல் வேறுபடலாம். வானிலை நிலையத்தின் அளவீடும், கொசு ஓய்வெடுக்கும் வீட்டின் உட்புற வெப்பமும் ஒன்றல்ல என்பதையும் இதனோடு சேர்த்துக் கருத வேண்டும்.

மலைப்பகுதிகளின் படிப்பினை

குன்றின் ஏறுமுகச் சரிவில் நிற்பவை உயர்ந்த மலைப்பகுதிகள். கென்யாவின் கெரிச்சோ தேயிலைத் தோட்டப் பகுதியில் மலேரியா மிகுந்ததற்கு வெப்ப உயர்வே காரணமா என்பது நெடிய விவாதமாயிற்று. அங்குக் குறிப்பிடத்தக்க காலநிலை மாற்றம் இல்லை என ஹே முதலானோர் 2002-இல் எழுதினர். மருந்துக்குக் கட்டுப்படாத ஒட்டுண்ணிகளின் பெருக்கமும் காரணமாகச் சுட்டப்பட்டது. நீண்ட காலத் தரவுகளை மீள ஆராய்ந்த பாஸ்குவல் முதலானோர் 2006-இல் வெப்ப உயர்வு உண்மையே என்றனர். சிறு உயர்வும் கொசுத்தொகையில் பன்மடங்கு விளைவை ஏற்படுத்த வல்லது எனவும் காட்டினர். எத்தியோப்பியா, கொலம்பியா ஆகிய நாடுகளின் மலைப்பகுதித் தரவுகளை ஆராய்ந்த சிராஜ் முதலானோர் (2014), வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மலேரியா மேலும் உயர்ந்த இடங்களுக்கு ஏறுவதை உறுதிசெய்தனர். மலேரியாவை அறியாத மக்களிடம் அதற்கான எதிர்ப்பாற்றல் இல்லை. ஆகவே அங்கு நேரும் சிறிய பரவலும் பெருந்துயராகலாம்.

நகரக் கொசு: சென்னையும் மன்னாரும்

சென்னையில் நிலை வேறு. இந்நகரின் குளிர்கால இரவும் வைவாக்ஸின் கீழெல்லையான 14.5°-ஐ எட்டுவது அரிது. ஆகவே குளிர் இங்குப் பரவலைத் தடுப்பதில்லை. நகர்ப்புற மலேரியாவைக் கடத்தும் அனோபிலஸ் ஸ்டீபன்சி, மேல்நிலை நீர்த்தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிட்டு, வீடுகளிலும் மாட்டுத்தொழுவங்களிலும் ஓய்வெடுக்கிறது. மழையை எதிர்பாராமல், மனிதர் சேமித்த நீரிலேயே அது பெருகுகிறது. வெப்பத்தைத் தாங்கும் எல்லையும் காம்பியே கொசுவைவிட அதற்கு அகன்றது. வெப்பம் உயர்ந்தால் மலேரியா தானே ஒழியும் என்று இங்கு எண்ணுவது தவறாகும்.

2012-இல் ஜிபுட்டியில் அறியப்பட்ட இக்கொசு பின்னர் எத்தியோப்பியாவிலும் பரவியது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னாரில் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. நோய் ஒழிந்த மண்ணிலும் கடத்தி வந்து சேரலாம் என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

வெப்பநிலை மலேரியாவை வளர்க்குமா, தடுக்குமா என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. குளிர்ந்த மலைகளில் ஓரிரு பாகை உயர்வு ஒட்டுண்ணிக்கு வழிதிறக்கிறது. மிகு வெப்பச் சமவெளிகளில் அதே உயர்வு கொசுவின் ஆயுளைச் சுருக்கலாம். நகரங்களிலோ நீர்த்தொட்டியின் மூடியும் வீட்டின் கூரையும்கூடக் கணக்கில் சேர்கின்றன. எனவே நோய்க்கணிப்பு மாதிரிகள் ஆண்டுச் சராசரியை விடுத்து, அன்றாட ஏற்றத்தாழ்வையும், கொசு உண்மையில் தங்கும் இடத்தின் வெப்பத்தையும், அப்பகுதிக்குரிய கொசு இனத்தின் இயல்பையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். தெத்தினோவாவின் வாய்பாடு ரஷ்யப் பகுதிக் கொசுக்களைக் கொண்டு உருவானது. அதனை வெப்பமண்டலத்துக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. ஸ்டீபன்சி கொசுவையும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியையும் கொண்டு 2017-இல் வெளிவந்த ஷாபிரோ முதலானோரின் ஆய்வு இத்திசையில் ஒரு தொடக்கம். தமிழகத்தில் மிகுதியாகக் காணப்படும் வைவாக்ஸுக்கும் இத்தகைய அளவீடுகள் தேவை. நம் வீடுகளின் உட்புற வெப்பத்தைப் பருவந்தோறும் அளந்து பதிவுசெய்வதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.