சூரியன் போயாச்சு, சுவர் மட்டும் ஏன் இன்னும் சூடு?

மேற்குப் பக்கம் பார்த்த வீவக வீட்டில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்குப் பழகிய விஷயம்தான். ராத்திரி 10 மணி. சன்னல் திறந்திருக்கு, மின்விசிறியும் சுத்துது. ஆனாலும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தால் முகம் காந்தும்.

அந்தச் சூடு காற்றிலிருந்து வருவதில்லை. சுவர் நேராக உங்களுக்கு அனுப்புவது.

எந்தப் பொருளிலும் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் உள்ள மின்னூட்டம் அசையும்போது மின்காந்த அலைகள் வெளிவரும். அதுதான் வெப்பக் கதிர்வீச்சு. சுவர், நாற்காலி, நீங்கள் குடிக்கும் தே, அதிலுள்ள ஐஸ்கட்டி, ஏன், நீங்களும்கூட இந்த நிமிஷம் கதிர்வீசுகிறீர்கள்!

பிறகு ஏன் நாம் ஒளிர்வதில்லை? சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதனால் அதன் ஒளி கண்ணுக்குத் தெரிகிறது. இரும்புகூட ஏறக்குறைய 500 டிகிரியைத் தாண்டினால்தான் மங்கலாகச் சிவக்கும். நம் உடம்பும் சுவரும் வீசுவது அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 35 டிகிரியில் உள்ள கான்கிரீட் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 வாட் வீசும். உங்கள் தோலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதாவது, நீங்கள் கொடுப்பதை அது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உடம்பு ஆற வழியில்லை. சுவர் 25 டிகிரியில் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 50 வாட் உங்களைவிட்டுப் போகும். காற்றின் வெப்பநிலை மாறாவிட்டாலும் 'அப்பாடா' என்றிருக்கும்.

வெள்ளைச் சாயம் அடித்தால்? இங்கேதான் சுவாரஸ்யம். வெள்ளைச் சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் அகச்சிவப்பில் அது கிட்டத்தட்ட கறுப்புச் சுவர் மாதிரிதான், தாராளமாகக் கதிர்வீசும். பகலில் வாங்குவது குறைவு என்பதால் இரவில் கொடுக்க அதிகம் இருக்காது. வெப்பத்தைக் குறைக்கும் சாயங்களின் அடிப்படையும் இதுவே. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், கூரை, சுவர், சாலை மூன்றிலும் அதைப் பூசிய இடத்தில் நடப்பவர்கள் 1.5 டிகிரி வரை குளிர்ச்சியாக உணரலாம் எனத் தெரியவந்தது.

சாயம் பூசுவது உங்கள் கையில் இல்லையா? கட்டிலை அந்தச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் தள்ளிப் போடுங்கள். தூரம் கூடினால் உங்கள்மீது விழும் கதிர் குறையும்.