ஒளிக்கும் சுருதி உண்டு

வீணையின் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்த பின்னரே வித்துவான் கச்சேரியைத் தொடங்குவார். ஒளியை ஆக்கும் விஞ்ஞானிக்கும் இவ்வேலை உண்டென்றால் நம்மிற் பலர் வியப்படைவர்.

சாதாரண லேசரில் இலத்திரன்கள் அணுக்களுட் கட்டுண்டு கிடக்கின்றன; அவ்வணுவுக்கு இயல்பான நிறமே நமக்குக் கிடைக்கும். அணுவினின்றும் பிரித்த இலத்திரன்களை ஒளியின் வேகத்தை அண்மிக்கும்படி ஓட்டி, வடதுருவமும் தென்துருவமும் மாறிமாறி வருமாறு அடுக்கிய காந்தங்களினூடே செலுத்தினாலோ, அவை பாம்புபோல நெளிந்து ஒளியை உமிழ்கின்றன. இலத்திரன்களின் சக்தியை மாற்ற, ஒளியின் அலைநீளமும் மாறும். இதுவே சுயாதீன இலத்திரன் லேசர். இதன் தத்துவத்தை ஜோன் மேடி என்பார் 1971இல் வெளியிட்டார். 1977இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினர் அதனை இயக்கிக் காட்டினர்.

இலத்திரன்களை ஓட்டுவது எது? சமையலறை அடுப்பிற் சோற்றைச் சூடாக்கும் அதே இனத்து நுண்ணலைதான். செம்பினாலான அறைகளில் அதனைப் பாய்ச்ச, திரைமீது ஏறிய தோணிபோல இலத்திரன்கள் முன்னே தள்ளப்படுகின்றன. அச் செம்பறைக்கும் ஒரு சுருதி உண்டு. ஸ்ரான்போர்ட்டின் நீண்ட ஆர்முடுக்கியில் அது செக்கனுக்கு 285 கோடியே 60 இலட்சம் அதிர்வுகள். செம்பு ஒரு பாகை செல்சியசு சூடேறி விரிந்தாற் போதும்; ஏறக்குறைய 48,000 அதிர்வுகள் குறைந்துவிடும். அப்போது அலையின் ஒரு பகுதி அறையினுட் புகாது திரும்பும். இலத்திரன்களின் சக்தி குன்றும். ஒளியின் நிறமும் பிசகும். சோறு இத்தகைய பிசகைப் பொறுக்கும்; லேசர் பொறுக்காது.

பரிகாரம் இரண்டு. ஒன்று, குழாய் நீரால் செம்பின் வெப்பநிலையைக் காத்தல். மற்றது, அலையைத் தரும் கருவியையே அறைக்கு இசையச் சுருதி கூட்டுதல். சிறிய ஆர்முடுக்கிகளிற் பயன்படும் மக்னெற்றோனில், உள்ளறையுள் ஓர் உலோகத் தண்டைச் சிறிது நகர்த்தி மீடிறனை மாற்றலாம். பெரியவற்றில் உள்ள கிளைஸ்ரோனோ, தனக்கு ஊட்டப்படும் மெல்லிய அலையைப் பன்மடங்கு பெருக்கித் தருவது. ஆதலால் அம்மெல்லிய அலையைத் திருத்தினாற் போதும், பெருகிய அலையும் குறித்த எல்லைக்குள் அதனைப் பின்பற்றும்.

இவ்வளவு கவனம் எதற்காக? ஸ்ரான்போர்ட்டின் 3 கிலோமீற்றர் ஆர்முடுக்கியின் கடைசி 1 கிலோமீற்றரைக் கொண்டு 2009இல் எக்ஸ் கதிர் லேசர் உருவாயிற்று. ஒளித்தொகுப்பின்போது நீரைப் பிளந்து ஒட்சிசனைத் தரும் புரதத்தை, அது கதிரால் அழியுமுன்னரே, விஞ்ஞானிகள் அதனாற் படம்பிடித்துள்ளனர். நாம் சுவாசிக்கும் காற்றின் மூலத்தையே அறியும் முயற்சி இது.

கிளைஸ்ரோனை 1937இல் ஆக்கிய வேரியன் சகோதரர்களுள் ஒருவர் விமானி. இருளிலும் முகிலிலும் மறைந்து வரும் விமானத்தைக் காண்பதே அவர்கள் நோக்கம். அக்கருவி இன்று அணுக்களின் அமைப்பையே காணத் துணைநிற்கின்றது.