எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டா?

கடந்த மாதம் வத்தளையிலுள்ள என் மச்சானின் பேஸ்புக்கிலிருந்து உறவினர் பலருக்கும் "அவசரமாக 25,000 ரூபா தேவை" என்று தகவல் போனது. மாமி ஒருவர் விசாரிக்காமல் அனுப்பியும் விட்டார். அதை எழுதியது மச்சான் இல்லை. மின்னஞ்சல், பேஸ்புக், எப்போதோ துணி வாங்கிய சிறிய இணையக் கடை என எல்லாவற்றுக்கும் மகளின் பெயரும் பிறந்த ஆண்டும்தான் அவருடைய பாஸ்வேர்ட்.

திருடர்கள் பெரும்பாலும் ஊகிப்பதில்லை. ஒரு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் மற்றத் தளங்களில் கணினி மூலம் போட்டுப் பார்க்கிறார்கள். 2012இல் லிங்க்ட்இன் தளத்தில் திருடப்பட்டவை 2016இல் விற்பனைக்கு வந்தபோது, பேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பேர்க்கின் ட்விட்டர் கணக்கே பறிபோனது. அவரும் ஒரே பாஸ்வேர்டைத்தான் பாவித்திருந்தார் என்று அப்போது செய்திகள் வந்தன.

மச்சானுக்கு நான் முதலில் மாற்றிக் கொடுத்தது மின்னஞ்சல் பாஸ்வேர்டைத்தான். ஏனைய கணக்குகளை மீட்கும் இணைப்பு அங்கேதான் வரும். அது போனால் எல்லாம் போகும். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தோம், இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டோம். மற்றவற்றை பிட்வார்டன் செயலி தானே உருவாக்கி வைத்துக்கொள்கிறது. இலவசம்தான். அதன் பிரதான பாஸ்வேர்ட் மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

உம்மாவுக்குச் செயலி சரிவராது. கொப்பியில் எழுதி அலுமாரியில் வைக்கிறார். சிரிக்க வேண்டாம், வெளிநாட்டுத் திருடனால் எங்கள் வீட்டு அலுமாரியைத் திறக்க முடியாது. மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுவதும் தேவையில்லை. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2017இலேயே அந்த ஆலோசனையைக் கைவிட்டது. கசிந்தது தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், சொந்த மச்சானின் கணக்கிலிருந்து கேட்டாலும்தான்.